ஆறாவது அடுக்கில் ஒரு பேக்கேஜ்

"அண்ணா, இந்த என்த்-செக்கை நாம எங்கயும் போடவே இல்லையே. இது எப்படி நம்ம ரிப்போர்ட்ல வந்துச்சு?"

2023-இல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் டீமில் அப்போதுதான் சேர்ந்திருந்த பெண் கேட்ட கேள்வி இது. வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருந்தது. அதில் சிவப்பாக ஒரு வரி: என்த்-செக் 1.0.2, அபாயம் 'ஹை', சரியான பதிப்பு 2.0.1. திங்கட்கிழமைக்குள் சரிசெய்து பதில் அனுப்ப வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு.

பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து தேடிவிட்டுத்தான் அவள் என்னிடம் வந்திருந்தாள். அதில் அந்தப் பெயர் இல்லை. இருக்கவும் இருக்காது. "என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்னு அடிச்சு, பக்கத்துல பேக்கேஜ் பேரைப் போடும்மா" என்றேன். திரையில் ஓர் உறவுமுறைச் சங்கிலி வந்து விழுந்தது. கீழிருந்து மேலாகப் படித்தோம். நாங்கள் கேட்டு வாங்கியது ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸ் 5.0.1. அது அழைத்து வந்தது எஸ்விஜிஆர்-வெப்பேக் 5.5.0. அதன் கையைப் பிடித்துக்கொண்டு ப்ளகின்-எஸ்விஜிஓ, அதன் பின்னால் எஸ்விஜிஓ 1.3.2, அதற்குப் பின்னால் சிஎஸ்எஸ்-செலக்ட் 2.1.0. கடைசியில், ஆறாவது ஆளாக, என்த்-செக்.

ஒரு கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசி அமர்த்துகிறோம். தயிர் யாரிடம் வாங்குகிறார், அந்தத் தயிர்க்காரர் பால் யாரிடம் எடுக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவருக்கு வயிறு கெட்டால் அவர் பால்காரரைத் தேடிப் போகமாட்டார், நம்மிடம்தான் வருவார். அதனால் அவளுடைய கேள்வியை நான் சின்னக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பதிவே அந்தக் கேள்விக்கான நீண்ட பதில்தான்.

முதலில் என்த்-செக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிஎஸ்எஸ்ஸில் 'என்த்-சைல்ட்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 2என்+1 மாதிரி ஒரு சூத்திரம் போடுவோம் அல்லவா? ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு நிறம் கொடுக்க எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருப்போம். அந்தச் சூத்திரத்தைப் படித்து, 'இத்தனையாவது உறுப்பு இதில் சேருமா' என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். பழைய பதிப்பில் சூத்திரத்தைப் படிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் சரியாக எழுதப்படவில்லை. வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு நீளமான சரத்தைக் கொடுத்தால் அது கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடும், சர்வர் திணறும். சிவிஇ-2021-3803 என்ற எண்ணில் பதிவான குறை இது. 2.0.1-இல் சரிசெய்துவிட்டார்கள்.

அந்தக் கோணலான சரத்தை எங்கள் ப்ராஜெக்ட்டில் யார் கொடுக்கப் போகிறார்கள்? அது இயங்குவதாக இருந்தால் பில்ட் நேரத்தில், எங்கள் கணினியில், எங்கள் எஸ்விஜி படங்கள்மேல் இயங்க வேண்டும். அதுவும் இல்லை. ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸின் வெப்பேக் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், எஸ்விஜிஓவை இயக்கவே வேண்டாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. வெளியாள் யாரும் நெருங்க முடியாத இடம். ரியாக்ட் குழுவில் இருந்த டான் ஏப்ரமோவ் 2021 ஜூலையில் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். பில்ட் கருவிகளின் உள்ளே கிடக்கும் இம்மாதிரிக் குறைகளையும் நேரடி ஆபத்துகளையும் என்பிஎம் ஆடிட் ஒரே தட்டில் வைக்கிறது, அந்த அமைப்பே பிழையானது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் இந்த விளக்கத்தை ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், ஒவ்வொரு புதிய அதிகாரிக்கும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. மூன்று தடவை விளக்கிய பிறகு நான்காவது தடவை சரிசெய்துவிடுவதே மேல் என்று தோன்றிவிடும்.

அப்டேட் செய்துவிட வேண்டியதுதானே என்றால், செய்ய முடியாது. சிஎஸ்எஸ்-செலக்ட் 2.1.0 கேட்பது '1.0.2 அல்லது அதற்கு மேல், ஆனால் 2-க்குக் கீழே' என்று. முன்னால் ஒரு கூரைக்குறி போட்டு எழுதுவோமே, அதன் பொருள் இதுதான். முதல் எண் மாறினால் பழக்கவழக்கமே மாறலாம் என்பது செம்வெர் என்கிற எண் முறையின் ஒப்பந்தம். எனவே என்பிஎம் தானாக 2.0.1-க்குப் போகாது, போகவும் கூடாது. சில பேக்கேஜ்கள் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எம்கேடிர்பி 0.5.1 என்று ஒன்று. அது மினிமிஸ்ட்டின் 0.0.8 பதிப்பைத்தான் கேட்கும், கூரைக்குறிகூடக் கிடையாது. மினிமிஸ்ட்டில் குறை கண்டுபிடிக்கப்பட்ட 2020-இல் எத்தனை ப்ராஜெக்ட்டுகளில் அந்த ஒற்றை எண் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது என்பது அப்போது வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் 'ஓவர்ரைட்ஸ்' வருகிறது. பேக்கேஜ்.ஜேசனில் அப்படி ஒரு பகுதி சேர்த்து, 'மரத்தில் எங்கே இந்தப் பேக்கேஜ் வந்தாலும், யார் எதைக் கேட்டாலும், நான் சொல்லும் பதிப்பையே கொடு' என்று என்பிஎம்முக்கு ஆணையிடலாம். இது 2021 டிசம்பரில், 8.3.0 பதிப்பில்தான் வந்தது. யார்னில் 'ரெசல்யூஷன்ஸ்' என்ற பெயரில் 2017-லிருந்தே இருந்தது. பிஎன்பிஎம்மிலும் என்பிஎம்முக்கு முன்பே வந்துவிட்டது. அதுவரை என்பிஎம்காரர்கள் லாக் ஃபைலைக் கையால் திருத்தினோம். அல்லது ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் முன்பு லாக் ஃபைலைத் திருத்திவிடும் ஒரு வெளிப் பேக்கேஜைக் கோத்துவைத்தோம். டிபென்டென்சிச் சிக்கலைத் தீர்க்க இன்னொரு டிபென்டென்சி.

அந்த 8.3.0 வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். அதே டிசம்பரில்தான் ஜாவா உலகத்தில் லாக்4ஜே பூகம்பம். 2.15.0 போடுங்கள் என்றார்கள், பிறகு 2.16.0, பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. ஸ்ப்ரிங் பூட் வைத்திருந்தவர்கள் லாக்4ஜே பதிப்புக்கான ஒரே ஒரு ப்ராப்பர்டியை மாற்றி, உள்ளே எங்கோ கிடந்த லாக்4ஜேவைத் தூக்கிவிட முடிந்தது. அதுவும் ஓர் ஓவர்ரைட்தான். அடுத்த மாதம், 2022 ஜனவரியில், கலர்ஸ் என்ற சின்னஞ்சிறு பேக்கேஜின் ஆசிரியரே அதில் முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டு வெளியிட்டார். அதை உள்ளே வைத்திருந்த கருவிகளெல்லாம் திரையில் குப்பையாகக் கொட்டத் தொடங்கின. நேரடியாக கலர்ஸைப் போடாதவர்களுக்கும் அடி. அன்றைக்குக் கை கொடுத்தது இந்தப் புதிய வசதி: ஓவர்ரைட்ஸில் கலர்ஸை 1.4.0 என்று கட்டிப்போட்டால் போதும். சாக் 5.6.1, டீபக் 4.4.2 என்று அன்றாடம் புழங்கும் பேக்கேஜ்களுக்குள் திருட்டுக் கோட் நுழைந்த 2025 செப்டம்பரிலும் இதே வழிதான். ஆசிரியரின் பதிலுக்காகவோ இடையில் இருக்கும் ஐந்து பேரின் அப்டேட்டுக்காகவோ காத்திராமல், நம் வீட்டுக் கதவை நாமே சாத்திக்கொள்ளும் உரிமை இது. இந்த வசதிமேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு. இனிமேல் சொல்லப்போவதை அந்த நன்றியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். நாங்கள் ஓவர்ரைட்ஸில் ஒரே ஒரு வரி சேர்த்தோம்: என்த்-செக், கூரைக்குறி, 2.0.1. நோட்-மாட்யூல்ஸையும் லாக் ஃபைலையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால். (புதிய ஓவர்ரைட்டைப் பழைய லாக் ஃபைல் சில சமயம் மதிப்பதில்லை. ஆனால் லாக் ஃபைலை முழுதாக அழித்தால் சம்பந்தமில்லாத நூறு பேக்கேஜ்களின் பதிப்பும் சேர்ந்து நகர்ந்துவிடும். இப்போதெல்லாம் அந்தப் பேக்கேஜ் சம்பந்தப்பட்டதை மட்டும் நீக்கிப் பார்க்கிறேன்.) ஆடிட்டில் அந்தச் சிவப்பு வரி போயிற்று. பில்ட் ஓடிற்று. டெஸ்ட்டுகள் பச்சை. என்பிஎம் எல்எஸ் அடித்தால் என்த்-செக் 2-க்குப் பக்கத்தில் 'ஓவர்ரிடன்' என்று எழுதியிருந்தது. பதில் மெயில் அனுப்பிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

செவ்வாய்க்கிழமை காலை வாடிக்கையாளர் அழைத்தார். சரக்குக் கட்டணப் பக்கத்தில் சனிக்கிழமையிலிருந்து ஒரே விலை நிற்கிறது, ஞாயிறும் திங்களும் வந்த புதிய கட்டணங்கள் ஏறவில்லை. அந்தப் பழைய விலையை வைத்து அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேருக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். விலையில் வந்த வித்தியாசத்தை அவர்கள்தான் ஏற்க வேண்டியதாயிற்று.

அதே ரெப்போவின் ஒரு மூலையில் ஒரு ஸ்க்ரிப்ட் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு ஓடும். சப்ளையர் அனுப்பும் எச்டிஎம்எல் கட்டணப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரிசையிலும் மூன்றாவது கட்டத்தை எடுத்து டேட்டாபேஸில் போடும். அதை எழுதியவர் சீரியோ 0.22.0 பயன்படுத்தியிருந்தார். 2016-இல் வந்த பதிப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் தொடவில்லை. அதற்கு டெஸ்ட்டும் கிடையாது. லாகைத் திறந்தால் மூன்று ராத்திரியும் ஒரே வரி: கெட்-என்-செக் ஒரு ஃபங்ஷன் இல்லை என்று ஒரு டைப்எரர்.

சீரியோ 0.22.0 உள்ளே வைத்திருப்பது சிஎஸ்எஸ்-செலக்ட் 1.2.0. அது கேட்பது என்த்-செக் 1.0.1 வகை. நாங்கள் போட்ட வரியோ எஸ்விஜிஓவுக்கு என்று எண்ணிப் போட்டது. ஆனால் அதில் 'எஸ்விஜிஓவுக்கு மட்டும்' என்று எங்கேயும் எழுதவில்லையே. மரம் முழுவதற்கும் என்று என்பிஎம் எடுத்துக்கொண்டது. சொன்னதைத்தான் அது செய்தது.

நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 1.0.2-இல் 'ரெக்வையர்' செய்தால் கையில் கிடைப்பது நேராக ஒரு ஃபங்ஷன். வாங்கியவுடன் கூப்பிடலாம். 2.0.1 டைப்ஸ்க்ரிப்ட்டில் மறுபடி எழுதப்பட்டது. அதை ரெக்வையர் செய்தால் கிடைப்பது ஓர் ஆப்ஜெக்ட். ஃபங்ஷன் அதற்குள்ளே 'டிஃபால்ட்' என்ற பெயரில் இருக்கிறது. பழைய சிஎஸ்எஸ்-செலக்ட்டோ வாங்கியதைப் பிரித்துப் பார்க்காமல் நேராகக் கூப்பிடுகிறது. கூப்பிடும் அந்த வரி இருப்பது என்த்-சைல்ட், என்த்-லாஸ்ட்-சைல்ட் போன்ற நான்கைந்து செலக்டர்களுக்குள் மட்டும். வேறு செலக்டர் எழுதினால் எந்தப் பிரச்சினையும் தெரியாது. எங்கள் ஸ்க்ரிப்ட் மூன்றாவது கட்டத்தை எடுக்க எழுதியிருந்தது என்த்-சைல்ட், அடைப்புக்குறிக்குள் 3.

அவள்தான் அடுத்ததைக் கவனித்தாள். "அண்ணா, அப்போ எஸ்விஜிஓ பக்கமும் உடைஞ்சுதானே கிடக்கு?"

ஆமாம். சிஎஸ்எஸ்-செலக்ட் 2.1.0-உம் அதே மாதிரிதான் கூப்பிடுகிறது. எங்கள் பில்ட் பச்சையாக வந்ததற்குக் காரணம் அந்தச் சாலையில் யாரும் நடக்காததுதான். எஸ்விஜிஓ அங்கே அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேனே. ஆடிட் பார்ப்பது எண்களை மட்டும். 2.0.1 என்று தெரிந்ததும் அதற்குத் திருப்தி. அந்த எண்ணுக்கும் அதைக் கூப்பிடுபவருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. இந்த ஒரே வரியை எத்தனையோ பேர் தங்கள் ப்ராஜெக்ட்டில் போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். தீர்ந்ததா, மறைந்ததா என்று அவர்கள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். ஏனென்றால் நாங்களும் பார்க்கவில்லை, விலை கொடுத்தோம்.

பிறகு செய்தது இது. சீரியோ எங்கள் நேரடி டிபென்டென்சி. அதற்கு ஓவர்ரைட் தேவையே இல்லை, நேராக 1.0.0-ஆர்சி.12-க்கு ஏற்றினோம். உள்ளே சிஎஸ்எஸ்-செலக்ட் 5 வந்தது, அது தானாகவே என்த்-செக் 2-ஐக் கேட்டது. ஸ்க்ரிப்ட்டில் இரண்டு இடம் திருத்த வேண்டியிருந்தது, கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதினோம். ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸ் பக்கம் என்த்-செக்கைத் தொடாமல், சங்கிலியின் மேல்முனைக்குப் போனோம். ஓவர்ரைட்ஸுக்குள் ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸ் என்று எழுதி, அதற்குள்ளே எஸ்விஜிஆர்-வெப்பேக் 6.5.1 என்று போட்டோம். அதாவது ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸின் கீழே வரும்போது மட்டும் இந்தப் பதிப்பு. 6-ஆம் பதிப்பு எஸ்விஜிஓ 2-ஐ எடுத்துக்கொள்ளும், அது சிஎஸ்எஸ்-செலக்ட் 4-ஐ, அது என்த்-செக் 2-ஐ. கீழே உள்ள நான்கு கண்ணிகளும் அந்தந்த ஆசிரியர்களே சோதித்துப் பொருத்தியவை. நாங்கள் வலிந்து பூட்டியது ஒரே ஒரு கண்ணியை. அது ஒன்றைத்தான் நாங்கள் சோதிக்க வேண்டும். படங்கள் எல்லாம் சரியாக வருகின்றனவா என்று ஒவ்வொரு திரையாகப் பார்த்து முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

எந்தக் கண்ணியை மாற்றுவது என்பதுதான் இந்த வேலையில் யோசிக்க வேண்டிய இடம். ஸ்கேன் ரிப்போர்ட் கைகாட்டுவது எப்போதும் கடைசிக் கண்ணியை. அதை மாற்றினால், அதற்கு மேலே இருப்பவர் கேட்காத ஒன்றை அவர் வாயில் திணிக்கிறோம். அவருடைய கோடுக்கு நாம் உத்தரவாதம் கொடுக்கிறோம். மேஜர் எண் மாறாத இடமாக இருந்தால் அப்படிச் செய்வதில் பெரிய பயமில்லை: மினிமிஸ்ட் 1.2.5-ஐ 1.2.6 ஆக்குவது மாதிரி. மேஜர் எண் மாறினால் ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் பார்க்க வேண்டும். புதிய பதிப்பைத் தானாகவே கேட்கும் ஒருவர் மேலே எங்கேயாவது இருப்பார். அவரை மாற்றினால் கீழே எல்லாம் தானாக மாறும்.

ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வாழலாம் என்பது நோட் கொடுத்திருக்கும் பெரிய வசதி. சீரியோவுக்கு ஒன்று, எஸ்விஜிஓவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும். பைத்தானில் ஒரு சூழலுக்குள் ஒரு பதிப்புதான். ஜாவாவிலும் கிளாஸ்பாத்தில் ஒன்றுதான் ஜெயிக்கும். எல்லோருக்கும் பொதுவான ஓவர்ரைட் ஒன்றைப் போடும்போது, அந்த வசதியை நாமே கையால் அணைக்கிறோம். அதனால் எந்தப் பெற்றோருக்குக் கீழே என்று குறிப்பிட்டு எழுதுவதையே நான் இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன். பிஎன்பிஎம்மில் இரண்டு பெயருக்கு நடுவே ஒரு அம்புக்குறி, யார்னில் ஒரு சாய்கோடு, என்பிஎம்மில் ஒன்றுக்குள் ஒன்று. எழுதும் விதம்தான் வேறு.

இன்னும் சில, போகிற போக்கில். நேரடி டிபென்டென்சியாக இருக்கும் ஒன்றை ஓவர்ரைட்ஸில் வேறு எண் கொடுத்து எழுதினால் என்பிஎம் மறுத்துவிடும். அங்கே டாலர் குறி போட்டுப் பேக்கேஜ் பெயரை எழுதினால் 'நான் மேலே கேட்டிருக்கும் அதே எண்' என்று பொருள். ரியாக்ட் 17-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய லைப்ரரியை ரியாக்ட் 18 ப்ராஜெக்ட்டில் உட்கார வைக்க இது மிக உதவும். 'பெரிது அல்லது சமம்' குறியைப் போடாதீர்கள். அது 3, 4 என்று நாளைக்கு வரப்போகும் எல்லாவற்றுக்கும் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. நீங்கள் ஒரு லைப்ரரி எழுதி வெளியிடுபவர் என்றால், அதற்குள் எழுதும் ஓவர்ரைட்ஸை யாரும் படிக்கமாட்டார்கள். ப்ராஜெக்ட்டின் வேரில் இருப்பது மட்டும்தான் செல்லும். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஆறாவது அடுக்கில் இருப்பவர் நம் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வார்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு ஒன்று. ஜேசனில் கமென்ட் எழுத முடியாது. அதனால் ஓவர்ரைட்ஸில் ஒரு வரி ஏன் வந்தது, எப்போது எடுக்கலாம் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுத இடமில்லை. போட்டவர் வேலை மாறிப் போய்விடுவார். இரண்டு வருஷம் கழித்து அந்த எண்ணே ஒரு புதிய குறையுள்ள பதிப்பாக மாறியிருக்கும். மேலே எல்லோரும் நல்ல பதிப்புக்குப் போயிருப்பார்கள், நம் வரி மட்டும் பிடிவாதமாகப் பழையதில் நிறுத்திக்கொண்டிருக்கும். இன்னொரு டீமின் ப்ராஜெக்ட்டைக் கையில் வாங்கியபோது பத்தொன்பது ஓவர்ரைட் வரிகளைப் பார்த்தேன். ஒன்றுக்கும் காரணம் தெரிந்தவர் அங்கே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, இன்ஸ்டால் செய்து, டெஸ்ட் ஓட்டிப் பார்த்ததில் பதினொன்று தேவையே இல்லாதவை.

இப்போது எங்கள் ஒவ்வொரு ரெப்போவிலும் ஓவர்ரைட்ஸுக்கென்றே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. வரிக்கு ஒரு பத்தி: எந்தக் குறைக்காக, எந்தச் சங்கிலிக்காக, எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்புக்கு வந்தால் இதை எடுத்துவிடலாம். மாதத்தில் முதல் திங்கட்கிழமை ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார். ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸ் பத்தியில் மட்டும் கடைசி நிபந்தனையை எழுத முடியாமல் இருந்தது, அதற்குப் புதிய பதிப்பு வருவதாகத் தெரியவில்லை. 2025 பிப்ரவரியில், ரியாக்ட்-ஸ்க்ரிப்ட்ஸை உள்ளடக்கிய க்ரியேட் ரியாக்ட் ஆப்பை ரியாக்ட் குழுவே அதிகாரபூர்வமாக ஓய்வுபெறச் செய்தது. நாங்கள் அந்த ப்ராஜெக்ட்டை வைட்டுக்கு மாற்ற ஆறு வாரம் எடுத்துக்கொண்டோம்.

மாற்றி முடித்த அன்று புல் ரெக்வெஸ்ட் வந்தது, அனுப்பியது அதே பெண். பேக்கேஜ்.ஜேசனில் எஸ்விஜிஆர்-வெப்பேக் வரி நீக்கம், டெக்ஸ்ட் ஃபைலில் அதற்கான பத்தி நீக்கம். இரண்டும் சிவப்பில், பதிலுக்குப் பச்சையில் எதுவும் இல்லை. கீழே அவள் எழுதியிருந்தாள்: "எக்ஸ்ப்ளெயின் அடிச்சுப் பாத்தேன் அண்ணா. இப்போ என்த்-செக்கைக் கூட்டிட்டு வர்றது சீரியோ மட்டும்தான். 2-ஆம் பதிப்பு, அதுவே கேட்டு வாங்கினது."